ரத்தம் குடிப்பது லேசான வேலை இல்லை: கொசு, மூட்டைப்பூச்சி, பேன் உண்ணும் விதம்

கணுக்காலில் கடித்துவிட்டுப் பறக்கும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு எடுத்துப் போவது 2 முதல் 3 மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர். அப்படியானால் ஒரே சொட்டில் இருபது கொசுக்கள் வயிறு நிறைந்து போகலாம். நமக்கு அது கணக்கிலேயே வராத இழப்பு. கொசுவுக்கோ தன் உடல் எடைக்குச் சமமான, சில சமயம் அதையும் மிஞ்சிய சுமை. அதை அடித்துக் கொல்லக் கை ஓங்கும் ஒருவரிடமிருந்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அது திருடியாக வேண்டும்.

திருடிய பொருளும் அப்படியொன்றும் நல்ல உணவில்லை. ரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். சர்க்கரையும் கொழுப்பும் கொஞ்சம்தான், பி வகை வைட்டமின்கள் ஒரு பூச்சி வளரப் போதாத அளவுக்குக் குறைவு. ஹீமோகுளோபினைச் செரித்தால் அதிலிருந்து ஹீம் என்ற இரும்புச் சேர்மம் பிரியும், அது செல்களுக்கு நஞ்சு. இதற்கெல்லாம் மேலே, ரத்தம் 37 டிகிரி சூட்டில் வருகிறது. குழாயை விட்டு வெளியே வந்ததும் உறையத் தொடங்குகிறது. ரத்தம் குடிக்கும் பூச்சிகளின் உடலில் விநோதமாகத் தெரியும் ஒவ்வொன்றும் இந்தச் சிக்கல்களில் ஏதோ ஒன்றுக்கு அவை கண்ட வழி. அப்படிப் பார்த்தால் அவற்றைப் புரிந்துகொள்வது எளிது.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். நாய், மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணி பூச்சி இனம் இல்லை. அதற்கு எட்டுக் கால், சிலந்தியின் உறவு. அட்டை புழு வகை. இந்தக் கட்டுரையில் ஆறு கால் உள்ளவை மட்டும்.

யார் கடிக்கிறார்கள், எதற்காக

கொசுக்களில் பெண் மட்டுமே கடிக்கும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் பெண் கொசுவும் தினசரி உயிர்வாழ்வதற்கு ரத்தத்தை நம்பியில்லை. பறப்பதற்கான தெம்பை ஆணைப் போலவே பூந்தேனிலிருந்தும் செடிகளின் இனிப்புச் சாற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ரத்தம் முட்டைக்கு. முட்டைக்குள் நிரப்ப வேண்டிய புரதம் பூந்தேனில் கிடைக்காது. கொசுவின் உடலிலேயே இதற்கு இரண்டு கிட்டங்கி இருக்கின்றன: இனிப்புச் சாறு ஒரு பக்கப் பைக்குள் போகும், ரத்தம் நேராக நடுக்குடலுக்குப் போகும். எது எங்கே போக வேண்டும் என்பதை வாயிலுள்ள சுவை உணர்விகள் தீர்மானிக்கின்றன.

ஆளைக் கண்டுபிடிப்பது படிப்படியாக நடக்கிறது. நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவின் கீற்று காற்றில் மிதந்து வரும்போது, பல மீட்டர் தள்ளியிருக்கும் கொசுவே அதை உணர்ந்து காற்றுக்கு எதிராகப் பறக்கத் தொடங்கும். கிட்டே வந்ததும் தோலின் வாசனை, கண்ணுக்குத் தெரியும் இருண்ட உருவம், கடைசியில் உடல் சூடும் ஈரமும். உங்கள் ரத்தம் இனிப்பு, அதனால்தான் கொசு உங்களையே தேடி வருகிறது என்று சொல்வார்களே, அதில் வரிசை தலைகீழாக இருக்கிறது. ரத்தத்தைச் சுவைப்பதற்கு முன்பே, வாசனையை வைத்தே கொசு ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஸ் கொசுக்கள் அதிகம் நாடிய ஆட்களின் தோலில், எண்ணெய்ப்பசையிலுள்ள கார்பாக்சிலிக் அமிலங்கள் கூடுதலாக இருந்தன. குளித்துவிட்டால் தீர்ந்துவிடும் விஷயமும் இல்லை; தோல் அந்த எண்ணெய்ப்பசையைத் திரும்பச் சுரந்துவிடும்.

ஊசிக்குள் ஆறு கருவிகள்

வெளியே ஒற்றை ஊசியாகத் தெரிவது உண்மையில் ஓர் உறை. கீழுதடுதான் அந்த உறை. கடிக்கும்போது அது தோலுக்குள் போவதில்லை, வில்லைப் போல வளைந்து வெளியிலேயே நின்றுகொள்கிறது. அதற்குள்ளிருந்து முடியை விட மெல்லிய ஆறு இழைகள் சேர்ந்த கட்டு ஒன்று உள்ளே இறங்குகிறது. இரண்டு இழைகளின் முனையில் ரம்பப் பற்கள். அவை மாறிமாறி முன்னும் பின்னும் அசைந்து தோலை அறுத்துக்கொண்டு போகும். இன்னும் இரண்டு, அறுத்த வழிக்குத் துணை நிற்பவை. ஐந்தாவது, மேலுதட்டிலிருந்து உருவான குழல். ரத்தம் ஏறும் பாதை. ஆறாவது எச்சில் இறங்கும் பாதை. ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு வேறொன்று என்ற இந்தப் பிரிவினையை நினைவில் வையுங்கள், நோய்களைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

இறங்கிய இழைக்கட்டு விறைப்பாக நிற்பதில்லை. தோலுக்கு அடியில் அது மண்புழுவைப் போல வளைந்து, பின்வாங்கி, திசை மாற்றி ரத்த நுண்குழாயைத் துழாவும். முதல் குத்திலேயே குழாய் அகப்பட்டுவிடும் என்றில்லை. அகப்பட்டது ரத்தக்குழாய்தான் என்பதை, ரத்தச் செல்களிலிருந்து கசியும் ஏ.டி.பி. போன்ற பொருட்களின் சுவையால் அறிந்துகொள்கிறது. பிறகு தலைக்குள் இருக்கும் இரண்டு தசைப் பம்புகள் வேலையைத் தொடங்கும்.

எச்சில்தான் அரிக்கிறது

குத்தப்பட்ட ரத்தக்குழாய் சும்மா இருக்காது. சுருங்கும். தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். ரத்தம் உறையும். இந்த மூன்றையும் தடுக்கும் கலவைதான் எச்சில். தட்டணுக்களைக் கூட்டம் சேர்க்கும் சமிக்ஞை ஏ.டி.பி.; எச்சிலிலுள்ள அபிரேஸ் என்ற நொதி அதையே உடைத்துப் போடுகிறது. உறைதலின் சங்கிலியை அறுக்க வேறொரு புரதம், குழாயை விரிக்க இன்னொன்று. மூட்டைப்பூச்சி இன்னும் சாமர்த்தியமாக, நைட்ரிக் ஆக்சைடு வாயுவை ஒரு புரதத்தில் கட்டிச் சுமந்து வந்து கடித்த இடத்தில் அவிழ்த்துவிடுகிறது. ரத்தக்குழாயை விரிக்க நம் உடலே பயன்படுத்தும் பொருள் அது.

தடிப்பும் அரிப்பும் ஊசி குத்தியதால் வருபவை இல்லை. அந்நியமான எச்சில் புரதங்களைக் கண்டு நம் நோய் எதிர்ப்பு மண்டலம் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை விடுவிப்பதால் வருபவை. அதனால்தான் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை அரிப்பைக் குறைக்கிறது. முதன்முறை கடிபடும் குழந்தைக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். சில முறை கடிபட்ட பின்தான் உடல் அந்த எச்சிலை அடையாளம் கண்டு கோபப்படப் பழகுகிறது. பெரியவர்களுக்கு இருபது நிமிடத்துக்குள் ஒரு வெளுத்த தடிப்பு, அது அடங்கி மறுநாள் சிவந்த கொப்புளம் என்று இரண்டு தவணையாக வரும். மூட்டைப்பூச்சிக் கடி சிலருக்குச் சில நாள் கழித்துத்தான் தெரியும். ஊருக்குப் போய்த் தங்கிய விடுதியில் கடிபட்டிருப்பார்கள், தடிப்பு வீட்டில் வரும், பழியைச் சொந்தக் கட்டில் ஏற்கும்.

வயிற்றுக்குள் நடப்பது

ஒரு நிமிடத்தில் உடல் சூடு பத்து டிகிரி எகிறினால் என்ன ஆகும்? குளிர்ந்த ரத்தப் பிராணியான கொசுவுக்கு ஒவ்வொரு விருந்திலும் இதுதான் நடக்கிறது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு குடித்துக்கொண்டிருக்கும்போதே பின்புறத்தில் ஒரு துளியைத் தொங்கவிடும். உற்றுப் பார்த்தால் துளி சிவப்பாக இருக்கும். அரும்பாடுபட்டு எடுத்த ரத்தத்தை வீணடிப்பதாகத் தோன்றும்; ஆனால் அந்தத் துளி ஆவியாகும்போது வயிறு குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படி.

தேவையில்லாத தண்ணீரையும் கொசு உடனே வெளியேற்றத் தொடங்கும், சுமையோடு பறக்க வேண்டுமே. போதும் என்று நிறுத்தச் சொல்வது நாக்கு இல்லை, வயிறு. வயிற்றுச் சுவர் விரிவதை உணரும் நரம்புகள் தலைக்குத் தகவல் அனுப்புகின்றன. 1969-இல் ஒரு சோதனையில் கொசுவின் வயிற்றோர நரம்பு வடத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். நிறுத்தத் தெரியாமல் குடித்துக்கொண்டே போன கொசுக்களில் சில வயிறு வெடித்துப்போயின.

நிறைந்த கொசு பக்கத்துச் சுவரிலோ கட்டிலுக்கு அடியிலோ போய் உட்காரும். சில மணி நேரத்தில் ரத்த உருண்டையைச் சுற்றிக் குடல் ஒரு மெல்லிய சவ்வைப் பின்னும். நச்சு ஹீம் குடல் செல்களில் நேரடியாகப் படாமல் அந்தச் சவ்வு பிடித்து வைத்துக்கொள்கிறது. நம்மூர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் செரிமானம் முடிந்து, நூறை ஒட்டிய முட்டைகள் தயார். இட்டு முடித்ததும் மறுபடி பசி.

முட்டையிடும் விதத்தில்தான் வீட்டுக்காரர்கள் தவறு செய்யும் இடம் இருக்கிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடை, கழிவுத் தொட்டிகளின் அழுக்குத் தண்ணீர் மேல் தெப்பம் போல மிதக்கவிடும். சென்னையின் நகர மலேரியாவுக்குக் காரணமான அனாபிலிஸ் ஸ்டெஃபென்சி கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் இடும். ஏடிஸ் மட்டும் தண்ணீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால், ஒட்டியிருந்த முட்டைகளுக்கு நீங்களே தண்ணீர் விட்டது போல ஆகும். உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை முதல் கொசு வரை ஏடிஸுக்கு 7 முதல் 10 நாள் ஆகிறது, வாரம் ஒருமுறை என்று சொல்வது அதனால்தான். பத்து நாளுக்கு ஒருமுறை நன்றாகக் கழுவினாலும் ஒரு தலைமுறை தப்பிப் பறந்திருக்கும்.

வாழ்நாள் முழுக்க ரத்தம் மட்டும்

கொசுவுக்கு வைட்டமின் பஞ்சம் பெரிய பிரச்சினை இல்லை. புழுவாக இருந்த காலத்தில் தண்ணீரிலுள்ள பாசி, நுண்ணுயிர், மட்கிய இலை எல்லாம் தின்று சேர்த்து வைத்திருக்கும். மூட்டைப்பூச்சிக்கும் பேனுக்கும் அந்த வசதி கிடையாது. முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் சாகும்வரை ரத்தம், ரத்தம் மட்டுமே. ஆணும் கடிக்கும், பெண்ணும் கடிக்கும், குஞ்சும் கடிக்கும். அப்படியானால் பி வைட்டமின் எங்கிருந்து? உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சமைத்துக் கொடுக்கின்றன. மூட்டைப்பூச்சிக்கு வோல்பாக்கியா, பேனுக்கு ரீசியா. ஆப்பிரிக்காவின் செட்சி ஈக்கும் இப்படி ஒரு கூட்டாளி உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்தப் பாக்டீரியா தவறாமல் போய்ச் சேர்கிறது. மருந்து கொடுத்து அவற்றை அழித்தால் பூச்சியின் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் நொடித்துப்போகும்.

மூட்டைப்பூச்சி பெரும்பாலும் விடியற்காலைக்கு முந்தைய நேரத்தில் வந்து, 5 முதல் 10 நிமிடம் குடித்துவிட்டு, கட்டில் மூட்டுக்கோ மெத்தைத் தையலுக்கோ திரும்பிவிடும். ஆள்மேல் தங்காது. குஞ்சு ஐந்து முறை தோலுரித்துப் பெரிதாக வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது ஒரு வயிறு ரத்தம். கிடைக்காவிட்டால் காத்திருக்கும், மாதக்கணக்கில். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்தால் பட்டினியில் செத்துவிடும் என்ற நம்பிக்கை பலிக்காததற்கு இதுவே காரணம். மெத்தையை வெயிலில் போடுவதும் பாதி வேலைதான். 50 டிகிரிக்கு மேல் அவை வேகமாகச் சாகும், உண்மை. ஆனால் மெத்தையின் மேல்தோல் மட்டும் அந்தச் சூட்டை எட்டும். உள்ளே இருப்பவை நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளும். துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும், கட்டில் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுவதும் அல்லது நீராவி பாய்ச்சுவதும் பலன் தரும். பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லித் தெளிப்பான்களுக்குப் பல இடங்களில் அவை அசைவதில்லை. படுக்கை விரிப்பில் பேனா மையைத் தொட்டு வைத்தது போல் கரும்புள்ளிகள் தெரிந்தால், அது அவற்றின் கழிவு, அதாவது செரித்த உங்கள் ரத்தம்.

பேன் இதற்கு நேர் எதிர். ஆளை விட்டு விலகவே முடியாத பிராணி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுகச் சிறுகக் குடிக்கும். தலையை விட்டு விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் சாவு. தாவாது, பறக்காது, தலையோடு தலை சேர்ந்தால் மட்டும் முடி மாறி நடக்கும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதாகச் சொல்வோம். ஈர் பேனாக உண்மையில் 7 முதல் 9 நாள் பிடிக்கும். பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் பேனைக் கொல்லும், ஈரை முழுக்கக் கொல்லாது. முதல் நாள் போட்டுவிட்டு, தலை சுத்தமாகிவிட்டது என்று விட்டுவிட்டால் அடுத்த வாரம் புதுக் குஞ்சுகள் நடமாடும். ஒன்பதாம் நாளை ஒட்டி இரண்டாவது முறை போட வேண்டும், பொரித்தவை முட்டையிடும் வயதுக்கு வரும் முன். மருந்து வேண்டாம் என்பவர்கள் ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, நெருக்கமான பல்லுள்ள பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் வாரலாம். பொறுமை வேண்டும், ஆனால் வேலை செய்யும்.

கிழித்து நக்குபவை

எல்லோரும் குழாய் போட்டுக் குடிப்பதில்லை. மாட்டு ஈ கத்தி போன்ற தாடைகளால் தோலைக் கிழித்து, தேங்கும் ரத்தத்தை நக்குகிறது. வலி அதிகம், அதனால் மாடு வாலைச் சுழற்றும், ஈ பாதியில் எழுந்து அடுத்த மாட்டின் மேல் உட்காரும், வாயில் ஈர ரத்தத்தோடு. மாடு, குதிரை, ஒட்டகங்களுக்கு வரும் சுர்ரா நோய் இப்படித்தான் இடம் மாறுகிறது. மணல் ஈயும் கிழிக்கும் ரகமே, ஆனால் 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். பீகாரில் காலா அசார் என்ற காய்ச்சலைப் பரப்புவது இதுதான். கொசுவுக்காக நெய்த சாதாரண வலையின் கண் வழியே இது நுழைந்துவிடும். மருந்தில் தோய்த்த வலையாக இருக்க வேண்டும்.

நோய் எந்த வழியாக வருகிறது

கொசு வழியாக எச்.ஐ.வி. ஏன் பரவுவதில்லை என்ற கேள்விக்கு விடை அந்த இரண்டு பாதைகளில் இருக்கிறது. உள்ளே போன ரத்தம் அடுத்தவர் உடலில் திரும்ப ஊற்றப்படுவதில்லை. இறங்குவது எச்சில் மட்டும். கொசுவின் குடலில் எச்.ஐ.வி. பெருகத் தெரியாமல் செரிந்துபோகும். டெங்கு வைரஸ் அப்படியில்லை. குடல் சுவரைத் தாண்டி, உடல் முழுக்கப் பெருகி, எச்சில் சுரப்பியை அடையும். அதற்கு 8 முதல் 12 நாள் வேண்டும். கொசுவின் ஆயுளே சில வாரம்தான் என்பதால், ஆபத்தானவை வயதான கொசுக்கள் மட்டுமே. ஏடிஸ் பகலில் கடிப்பது, விழித்திருக்கும் ஆள் தட்டிவிடுவார். பாதி வயிற்றோடு அடுத்தவரைக் கடிக்கும். ஒரே வீட்டில் மூன்று நான்கு பேர் அடுத்தடுத்துப் படுப்பதற்கு ஒற்றைக் கொசு போதும்.

மலேரியா ஒட்டுண்ணியும் எச்சில் வழியேதான் வருகிறது. 1897 ஆகஸ்ட் 20-இல் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் அதை அனாபிலிஸின் வயிற்றுச் சுவரில் கண்டார். யானைக்கால் நோயின் புழுவுக்கு மட்டும் வழி வேறு. அது எச்சிலில் வருவதில்லை. வளைந்து வெளியே நிற்கும் உறையின் நுனியிலிருந்து தோல் மேல் இறங்கி, ஊசி போட்ட ஓட்டை வழியே தானாக நுழைகிறது. இந்தப் புழுவின் குஞ்சுகள் நம் ரத்தத்தில் இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை அதிகம் மிதக்கும், க்யூலெக்ஸ் கடிக்கும் நேரம் பார்த்து. யானைக்கால் பரிசோதனைக்கு ராத்திரியில் வந்து ரத்தம் எடுப்பது அதனால்தான்.

மூட்டைப்பூச்சி இத்தனை ரத்தம் குடித்தும் மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. உடைகளில் வாழும் உடற்பேன் அப்படியல்ல; அதன் கழிவு சொறிந்த புண்ணில் பட்டு டைஃபஸ் காய்ச்சல் வரும். 1909-இல் டூனிஸில் சார்ல் நிகோல் இதைப் பிடித்தார். நோயாளிகளின் பழைய உடையைக் களைந்து குளிப்பாட்டி மருத்துவமனைக்குள் சேர்த்த பின் நோய் யாருக்கும் தொற்றவில்லை என்பதுதான் அவர் கவனித்த தடயம்.

தெள்ளுப்பூச்சியின் கதை இவற்றிலெல்லாம் விசித்திரமானது. எலித் தெள்ளுதான் பிளேக் நோயைப் பரப்புகிறது என்று 1898-இல் கராச்சியில் போல்-லூயி சிமோன் சோதனை செய்து காட்டினார். கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கும் அளவுக்கு அந்த நோய் ஊர்களை உலுக்கிய காலம் அது. தெள்ளின் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே முட்கள் வரிசையாக அமைந்த ஒரு தடுப்பிதழ் உண்டு. குடித்த ரத்தம் திரும்பாமல் காக்கும். பிளேக் பாக்டீரியா அந்த முட்களில் கட்டியாக வளர்ந்து வழியை அடைத்துவிடும். அதன் பின் எத்தனை உறிஞ்சினாலும் ரத்தம் வயிற்றை எட்டாது. தொண்டைவரை வந்து, அங்கிருந்த பாக்டீரியாவையும் கரைத்துக்கொண்டு கடிவாய்க்கே திரும்பும். பசி அடங்காத தெள்ளு எலியை விட்டு எலிக்கும், எலிகள் செத்துவிட்டால் மனிதருக்கும் தாவி, பட்டினியில் சாகும் வரை சில நாட்களுக்கு ஓயாமல் கடித்துக்கொண்டே இருக்கும்.